பரதேசி அக்காவின் முக்கால் மணி நேரம்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் போனை எடுக்கிற வேலை அவளுக்கு. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் தூங்கிக்கொண்டிருக்க, ஆபீஸில் எல்லாரும் கூப்பிடுவது 'பரதேசி அக்கா' என்றுதான்.

எல்லாம் ஒரு பொய்யால் வந்த வினை. மெக்கானிக் எங்கே என்று யார் கேட்டாலும், "கிளம்பிட்டார், வந்துக்கிட்டே இருக்கார்" என்று சொல்ல வேண்டும் என்பது கம்பெனியில் எழுதப்படாத சட்டம். அவர் டீக்கடை பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான். மற்றவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி வந்தது. அக்காவுக்குத் தொண்டையில் முள் சிக்கின மாதிரி நின்றுவிடும். "இன்னும் கிளம்பலைங்க" என்று சொல்லிவிடுவாள். எதிர்முனையில் கத்துவார்கள். அப்புறம் மேனேஜர் கத்துவார்.

அப்படி ஒருநாள் கத்தி முடித்துவிட்டுப் போகிறபோது, "எங்கேருந்துதான் வந்து சேருதுங்களோ இந்தப் பரதேசிங்க" என்று அவள் காதில் விழுகிற மாதிரியே முணுமுணுத்தார். அக்கா தலையை நிமிர்த்தி, "போன ஞாயித்துக்கிழமை எங்க பாஸ்டரும் அதேதான் சார் சொன்னாரு. இந்த உலகத்துல நாங்க பரதேசிங்களாம். சொந்த ஊரு மேல இருக்குதாம்" என்றாள். மேனேஜர் தன்னையறியாமல் மேலே பார்த்தார். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்.

சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாளே தவிர, உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. யாரோ தெரியாத வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம். சபையில் சில அம்மாக்கள், "இந்த உலகமே எங்களுக்கு ஒட்டல சிஸ்டர்" என்று பெருமூச்சு விடுவார்கள். அக்காவின் சங்கடம் வேறு. அவளுக்கு உலகத்தை ரொம்பப் பிடிக்கும். சூடான டீ பிடிக்கும், மழை பிடிக்கும், வீட்டுக்காரர் சொல்கிற அசட்டு ஜோக்குகூடப் பிடிக்கும். உலகத்துக்குத்தான் அவளை எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவள் உண்மை பேசியதில் கொஞ்சம் திமிரும் கலந்துதான் இருந்தது. ஒருதரம் ஒரு வாடிக்கையாளர் விடாமல் துளைத்தெடுக்க, "மெக்கானிக்குக்கு வயிறு சரியில்லீங்க. காலைலேருந்து நாலாவது தடவை பாத்ரூம் போயிருக்கார்" என்று போட்டு உடைத்துவிட்டாள். பாவம், மெக்கானிக் அங்கே போய் இறங்கினால், வாட்ச்மேனிலிருந்து ஐந்தாம் மாடிப் பாட்டுவாத்தியார் வரைக்கும் ஆளுக்கொரு மருந்து சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து அக்காவின் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லலக்கா. ஆனா என் வயித்தை எதுக்கு ஊருக்கெல்லாம் காட்டுனீங்க?"

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் கூச்சத்தில் சிரித்துவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஓர் உடன்பாடு. "அக்கா, பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன், இருபது நிமிஷம்னு சொல்லிடுங்க" என்று அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

அதனால்தான் ஒரு மத்தியானம் அந்தப் போன் வந்தபோது அக்காவுக்குச் சரியான கணக்கு தெரிந்திருந்தது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. பேசியது, உள்ளே தனியாக மாட்டிக்கொண்ட ஒரு வயசான அம்மா. விளக்கு எரிகிறது, மின்விசிறியும் ஓடுகிறது, ஆனால் குரல் நடுங்குகிறது. "ஆள் கிளம்பிட்டாராம்மா?"

மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். எப்படிப் பறந்து வந்தாலும் முக்கால் மணி நேரம். அக்காவுக்கு முதல்முறையாக அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. திட்டுக்குப் பயந்து வந்த பொய் இல்லை, இரக்கம் மாதிரியே உடுத்திக்கொண்டு வந்த பொய். விழுங்கிவிட்டு, "முக்கால் மணி நேரம் ஆகும்மா. ஆனா அவர் வர்ற வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் பையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப உக்காந்துக்கறேன்" என்றது குரல்.

"கையில என்னம்மா வச்சிருக்கீங்க?"

"பட்டாணி. ரெண்டு கிலோ."

"உரிங்களேன். எப்படியும் உரிக்கணும்தானே?"

அந்த அம்மா உரித்தார். அக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் மெக்கானிக்கோடு இன்னொரு போனில் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். மீதிப் போன்களெல்லாம் அலறின. சத்தம் கேட்டு ஓடிவந்த மேனேஜர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தானே அவற்றை எடுத்து, "கிளம்பிட்டார், வந்துக்கிட்டே இருக்கார்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு கிலோ முடிந்த நேரம், அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "உனக்கு எந்த ஊரும்மா?"

"இதே ஊருதாம்மா. ஆனா ஆபீஸ்ல பரதேசின்னுதான் கூப்பிடுவாங்க."

"எந்தப் பரதேசி உன்னை அப்படிச் சொன்னது?"

ஸ்பீக்கர் நல்ல தரமானது. அறை முழுக்கக் கேட்டது. மேனேஜர் கையிலிருந்த போனில், "இல்லீங்க, உங்களைச் சொல்லல" என்று யாரிடமோ தடுமாறிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் நாற்பத்தோராவது நிமிஷம் கதவைத் திறந்தார். பட்டாணி முழுக்க உரித்தாகியிருந்தது. அம்மா போனை வைக்குமுன், "நீ நேரத்தைச் சொன்னதாலதான் பயம் போச்சு. எவ்வளவு நேரம்னு தெரிஞ்சா இருந்துக்கலாம்" என்றார்.

மேனேஜர் பாராட்டவெல்லாம் இல்லை. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் அக்காவிடமே கொடுத்துவிடும்படி மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. மற்றவர்களுக்கு வழக்கம்போல மெக்கானிக் கிளம்பிக்கொண்டேதான் இருந்தார்.

சுற்றறிக்கை வந்த அன்று மதியம் அக்கா டப்பாவைத் திறந்து, சாப்பிடுமுன் கண்மூடி ஜெபித்தாள். பக்கத்து சீட்டுப் பெண் தன் டப்பாவைத் தொடாமல் காத்திருந்தாள். அக்கா கண்ணைத் திறந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு முட்டி வலிக்குதுக்கா. நாளைக்கு அதையும் சேத்துக்கறீங்களா?"

"இப்பவே சேத்துக்கறேன். எந்தக் காலு?"

பெண் யோசித்தாள். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தாள்.