மண்தரையில் நனைத்த முடி

என் மச்சினிக்கு முடிக் கிடங்கு முதலாளி மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தான். அதை அவன் வயிற்றிலிருந்து கக்க வைத்தவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் நாலு லாரிக்குச் சொந்தக்காரன் ஆனவன். என் வீட்டுப் பெண்ணை ஒருத்தன் ஏய்த்தால் சும்மா விடுவேனா?

புருஷன் போன பிறகு யார் தயவும் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்த்தவள் அவள். சலூன்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் முடியைச் சிக்கெடுத்து, நீளம் பார்த்துப் பிரிப்பது வேலை. வாய் ஓயாது. "எங்க அக்கா தலையில இருக்கறதவிட என் சேலையில ஒட்டியிருக்கற முடி அதிகம் மாமா" என்று என் மனைவி எதிரிலேயே சொல்வாள்.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. எந்நேரமும் எடை மேடை பக்கத்திலேயே நிற்பான். முடியை எடைக்கு விற்பதால், மூட்டைகளில் தண்ணீர் தெளித்து மண்தரையிலேயே அடுக்கிவிடுவான். கிலோ கூடுமாம். என்ன மூளை! சில நாளில் முடி மேல் வெள்ளைப் பொடி பூத்தது. "வெறும் தூசி, கையால உதறுங்க" என்றான். உதறினாள். புறங்கையிலிருந்து முழங்கை வரை வட்ட வட்டமாகப் படர்தாமரை.

அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? "வியாதிக்காரி, இவளாலதான் சரக்கு கெட்டுச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்லி வெளியே அனுப்பினான். நஷ்டக் கணக்கில் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டான். அதன்பின் குழாயடியில் அவள் குடத்தைக்கூட யாரும் தொடவில்லை. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு திரிந்தாள். பேச்சே நின்றுபோனது.

தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மண்ணில் வாழும் பூஞ்சையாம். முடி, நகம், இறகு இதையெல்லாம் மக்க வைத்துத் தின்னுமாம். ஈர முடியை மண்ணில் கொட்டினால் அதற்கு விருந்து. அங்கிருந்து மனிதத் தோலுக்கும் ஏறும் என்றார்.

தராசின் சரக்கை ஏற்றிப்போவது என் லாரிகள்தான். அடுத்த லோடுக்கு லாரியில் நானே போனேன், அவளையும் ஏற்றிக்கொண்டு.

"ஏத்தச் சொல்லுங்கண்ணே, சரக்கு வாங்கற பார்ட்டி காத்துக்கிட்டிருக்கான்" என்றான் தராசு.

"முதல்ல இவ சம்பளத்தை எடு."

"இவளாலதாண்ணே எனக்கு நஷ்டம்."

"தண்ணி தெளிச்சது இவளாடா? மண்ணுல போட்டது இவளா? நான் வேணாம்னு சொன்னா எவன் லாரி இந்த வாசலுக்கு வரும், பாத்துடலாமா?"

தராசு கழுத்தைச் சொறிந்தான். காலருக்கு மேலே அதே வட்டம்! எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன முதலாளி, தூசியா? கையால உதறுங்க."

மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாய் திரும்பி வந்துவிட்டது!

தராசு பணத்தை எடுத்து எடை மேடை மேல் எறிந்தான்.

"அங்க எதுக்கு? கையில குடுங்க" என்றாள்.

முந்தானையை உதறி, வட்டங்கள் தெரியக் கையை நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. ஒவ்வொரு நோட்டாக எண்ணி, அந்த விரித்த உள்ளங்கையில் வைத்தான்.