மன்னர் பார்த்த சிரிப்பு: வோபர்னிலிருந்து ஃபிஞ்சுக்கு ஒரு நாள்

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை இந்தப் பயணம் போனோம். காரணம் என் மகள் அபி. ஈரான் மக்கள் ஏன் தங்கள் மன்னரைத் துரத்தினார்கள் என்று வரலாற்று வகுப்பில் அவள் பேச வேண்டும். எழுதிக் கொடுத்ததை ஆசிரியை திருப்பிவிட்டார்: காரணங்கள் எல்லாம் இருக்கின்றன, மனிதர் ஒருவரையும் காணோம். திங்கட்கிழமை சரியாகப் பேசாவிட்டால் புள்ளி போச்சு. வரலாற்றுப் பாடத்தில் தூங்கியே வளர்ந்த நான், "எனக்கு ஆள் இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஆள், மிசிசாகாவில் என்னோடு கிடங்கில் வேலை செய்யும் பெஹ்ரூஸ். தெஹ்ரான்காரர். "என் வீடு உன் வீடு, எந்த நேரமும் வா" என்று வருடக் கணக்காகச் சொல்கிறார். பிறகென்ன? சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டோம்.

நாங்கள் இருக்கும் வோபர்னில், எல்ஸ்மியர் வீதியில் 95ஆம் இலக்க பஸ். யோர்க் மில்ஸ் வரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து சப்வேயில் வடக்கே மூன்றாவது நிறுத்தம் ஃபிஞ்ச். பெரியவருக்கு 3.30 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குள் அதே காசில் மாறி ஏறலாம். மேலே வந்தால் யங் வீதி முழுக்கப் பாரசீகப் பெயர்ப்பலகைகள், சுட்ட ரொட்டி வாசம். பதினைந்து நிமிட நடையில் பெஹ்ரூஸின் அடுக்குமாடி.

கதவைத் திறந்தவர் கோட் சூட்டில் நின்றார். 'வீட்டிலும் இப்படியா!' என்று வியந்தேன். (சிரிக்காதீர்கள்.) மனைவி மீனா தேநீர், பிஸ்தா, குட்டி வெள்ளரிக்காய் என்று கொண்டுவந்து வைத்தார். எங்களுக்குள் பொது மொழி உடைந்த ஆங்கிலம், தமிழில் தருகிறேன்.

பெஹ்ரூஸின் தகப்பனுக்குக் கடைத்தெருவில் துணிக்கடை இருந்ததாம். எண்ணெய்க் காசு வெள்ளமாக வந்தது. விலையும் வாடகையும் அதைவிட வேகமாக ஏறின. அரசு பழியை வியாபாரிகள் தலையில் கட்டி, தகப்பனையும் சிறையில் போட்டது. நிலம் கைவிட்டுப் போன கிராமத்தவர்கள் நகரத்தின் விளிம்பில் தகரக் கொட்டில் போட்டார்கள். வாய் திறந்தால் இரகசியப் பொலிஸ். கடைசியில் கடைக்காரர், மாணவர், எண்ணெய்த் தொழிலாளி, மதகுரு எல்லாரும் ஒரே வீதியில். துப்பாக்கிக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றவர்களை நினைக்க எனக்குப் புல்லரித்தது. "பிறகு வந்த ஆட்சிக்குப் பயந்துதான் நாங்கள் கனடா வந்தோம். அது வேறு கதை" என்றார்.

அபி என்னை இடித்தாள். "அப்பா, வாசல்ல கிஃப்ற் பாக் இருக்கு. இவை எங்கயோ போக நிக்கினம்."

"சும்மா இரு, நல்லா உபசரிக்கினம்."

அவள் கேட்டே விட்டாள். "அங்கிள், எங்கயாவது போகணுமா?"

"இல்லை, இல்லை."

"உண்மையாவா?"

"உங்கள் பாதம் எங்கள் கண் மேல்" என்றார் மீனா.

அபி மூன்றாம் முறையும் கேட்டாள். மீனா சிரித்துவிட்டார். "தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். தொடங்கி ஒரு மணித்தியாலம்!"

எனக்கு முகம் கறுத்துப் போச்சு. பெஹ்ரூஸ் என் தோளைத் தட்டினார். "எங்கள் ஊரில் முதல் இரண்டு தரம் மரியாதை, மூன்றாவதுதான் பதில். நீ மட்டுமா ஏமாந்தாய்? மன்னர் வரும் நாளில் பள்ளிக்கூடத்தில் எங்கள் கையில் கொடி தந்து தெருவில் நிறுத்துவார்கள். அப்பா சிறையில், நான் சிரித்துக்கொண்டே கொடி ஆட்டினேன். கார் போனது. மன்னர் என் சிரிப்பைப் பார்த்தார், நம்பினார்."

அபி பேனையை எடுத்தாள்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே போன் எடுங்கள். இனிப்பு கொண்டுபோங்கள். எதையும் மூன்று தரம் கேளுங்கள். இவ்வளவு இனிமையாக உண்மையை மறைக்கும் மனிதர்களிடம், அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

திரும்பும் பஸ்ஸில் அபியிடம் கேட்டேன். "திங்கள் பெற்றோரும் வரலாமாம். நான் வரட்டே?"

"ஓம், வாங்கோவன்."

"உண்மையாத்தானே?"

"பரவாயில்ல அப்பா."

"பிள்ளை, நான் வரட்டே?"

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வராதேங்கோ அப்பா. நீங்க கைதட்டத் தொடங்கினா எனக்கு எல்லாம் மறந்துபோகும்."

போகவில்லை. திங்கள் மதியம் கிடங்கில் இருக்கும்போது போனில் செய்தி வந்தது: "கொடியில தொடங்கினன். கிளாஸ் அப்பிடியே சைலண்ட். இப்ப கைதட்டலாம்."

பெட்டிகளுக்கு நடுவில் நானும் பெஹ்ரூஸும் தட்டினோம்.