வயிற்றுவலி என்று எழுதினால் முடிந்துவிடும்

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தேன். தற்கொலை தனி மனிதரின் காரியம் மட்டுமல்ல, சமூகத்தின் காரியமும்கூட என்று கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். முதல் நாள் கேஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். உயிரை மாய்க்க முயன்ற ஆண்களுக்குக் காரணம் 'மனவிரக்தி'. பெண்களுக்கு, பக்கத்துக்குப் பக்கம், 'தீராத வயிற்றுவலி'. விரக்தியடைய மனம் வேண்டும். அதைப் பெண்களுக்கு யாரும் சாங்ஷன் செய்யவில்லை போலும்.

அந்த வாரமே பேச்சியம்மாளைக் கொண்டுவந்தார்கள். மூன்று பெண் குழந்தைகளின் தாய். பிழைத்துக்கொண்டாள். மறுநாள் வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டு, கட்டிலருகே நின்ற புருஷனிடம் கேட்டார்.

"வயித்துவலிதானய்யா?"

"ஆமாய்யா. ரொம்ப நாளா இருக்கு."

யாருடைய வயிறு என்றுகூடக் கேட்காமல் ஏட்டு எழுதத் தொடங்கினார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வாங்கி வரும்படி புருஷனை அனுப்பிவிட்டு, "என்னம்மா வலி?" என்றேன்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஆம்பளப் பிள்ள இல்லன்னு வேற பொண்ணு பாக்காவ. பொண்ணு பாக்கப் போற வேட்டிய நாந்தான் தொவைச்சுக் குடுத்தேன்."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, இத எழுதினா விசாரணை, கோர்ட்டுன்னு அலையணும். வயித்துவலின்னா இன்னிக்கே முடிஞ்சிரும்."

"அவளும் முடிஞ்சிருவா," என்றேன்.

ஏட்டு முணுமுணுத்துக்கொண்டே, அவள் சொன்னதையே எழுதினார். மாலையில் என் அதிகாரி கூப்பிட்டார்.

"புருஷன்கூட அனுப்பி வைங்கம்மா. நம்ம வேலை குடும்ப நலம்."

"அவ நலம், சார்?"

"அதுக்குத் தனி செக்‌ஷன் கிடையாது."

நான் அனுப்பவில்லை. ஆறுமுகநேரியில் உப்பளத்தில் வேலை பார்த்த அவள் தங்கைக்கு ஆள் அனுப்பினேன். தங்கை வந்து, அக்காளையும் பிள்ளைகளையும் அழைத்துப்போனாள். 'குடும்பத்தைப் பிரித்ததற்கு விளக்கம் தருக' என்று எனக்கு மெமோ வந்தது. அவளைச் சாவு வரை தள்ளியவர்களுக்கு ஒரு மெமோவும் போகவில்லை.

அடுத்த வருஷம் கடைசிப் பிள்ளைக்கு ஊசி போட பேச்சியம்மாள் வந்தாள். அவளும் உப்பள வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "புருஷன் வந்தாரா?" என்றேன்.

"வந்தாவ. போலீஸ் கேஸுன்னதும் அந்தப் பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாவளாம். இப்பம் என்னயக் கூப்பிடுதாவ."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னேன். இன்னும் யோசிச்சிட்டுத்தான்க்கா இருக்கேன்." சிரித்தாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: பெண்ணிடம் கேட்க வேண்டியதைப் பெண்ணிடமே கேளுங்கள். நான் படித்த பாடத்தில் இந்த ஒரு வரி இல்லை.