ஏலத்தோட்டத்தில் கலோரி எண்ணிய மதினி

எழுத்து எனக்குச் சரியாக வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று குறுக்கே வரும், முன்னது பின்னதாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் முன்போல இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். ஆனால் மதினியின் தூக்குப்போணி மட்டும் இப்போது திறந்துவைத்தது மாதிரி கண்ணில் நிற்கிறது. உள்ளே மூன்று இட்லி, அவற்றுக்கு ஓரமாக எண்ணெய் படாத கொத்தமல்லித் துவையல். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு பாறை மேல் உட்கார்ந்து, எங்கள் எல்லோருடைய போணியையும் எட்டி எட்டிப் பார்ப்பார். அதை நினைத்தாலே எனக்கு உடம்பில் ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுத உட்கார்ந்தேன்.

மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி இல்லை. ஒரே தெரு, மதினி முறை, அவ்வளவுதான். ரெண்டாயிரத்து மூன்றோ நான்கோ, அந்த வருஷங்களில் நாங்கள் கம்பத்திலிருந்து விடியும்போது ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள். எங்களைக் கூட்டிப் போவதும், பழுத்த காயை மட்டும் எடுக்கிறோமா என்று கூடையைக் கிளறிப் பார்ப்பதும், சாயங்காலம் ஆள் குறையாமல் இறக்கிவிடுவதும் மதினியின் பொறுப்பு. கங்காணி அவர்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் நடந்தால் ரத்தம் குடிக்கிற அட்டைகூட வழிவிடும் என்று தெற்குத்தெருக்காரி சொல்வாள். தெற்குத்தெருக்காரி எங்கள் ஜீப்பிலேயே வாய் நீண்டவள். நான் அந்த ஜீப்பிலேயே வாய் இல்லாதவள். கேட்டால் தலையாட்டுவேன்.

மதினிக்குச் சர்க்கரை இருப்பது தேனி ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. கண் மங்குகிறதென்று காட்டப் போனார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது, அது இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு அளவு சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண் அங்கே இருந்தாளாம். அவள் உட்காரவைத்து, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரிக்கு மேல் போகக் கூடாது, எதில் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சாப்பிடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மதினிக்கு ஒருமுறை காதில் விழுந்தால் போதும். மறுநாள் ஜீப் உத்தமபுரம் தாண்டுவதற்குள் எங்கள் எல்லோருக்கும் கலோரி என்றால் என்னவென்று பாடம் நடந்துவிட்டது.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. போணி திறக்கிற சத்தம் கேட்டதும் மதினி நிமிர்ந்து உட்காருவார்.

"ஏத்தா, அதென்ன, எலுமிச்சம்பழச் சோறா? எண்ணெய் வாசம் இங்கன வருது. முன்னூறுக்குக் குறையாது."

"இருக்கட்டும் மதினி. காலையில இருந்து குத்தவச்சுக் காய் எடுத்திருக்கேன், முன்னூறெல்லாம் எப்பவோ கரைஞ்சுபோச்சு" என்பாள் தெற்குத்தெருக்காரி.

"உனக்கு வேலையில எங்க கரையுது, பேச்சுலல்ல கரையுது."

எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஜீப் டிரைவரையும் விடமாட்டார். மீசை நரைத்த மனுஷன், தினமும் கம்பத்துக் கடையில் பரோட்டா கட்டிக்கொண்டு வருவார். "ஏப்பா, ஜீப்புக்கு டீசல் ஊத்துறே, சரி. உனக்கு எதுக்கு இம்புட்டு எண்ணெய்?" என்று மதினி கேட்டால், "ரெண்டும் மலை ஏறணும்லக்கா" என்று சொல்லிவிட்டு இன்னொன்றைப் பிய்ப்பார். கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தவளுக்கு ஒரு ஏச்சு. கருவாட்டை வறுத்து வந்தவளுக்கு ஒரு ஏச்சு. நானும் நல்லவள் இல்லை. வாயால்தான் சொல்ல மாட்டேனே தவிர, மதினி சொல்லச் சொல்ல, ஆமாம், இவளுக்கு எதற்கு இவ்வளவு சோறு என்று மனசுக்குள் நானும் ஒவ்வொரு போணியாக எடைபோட்டுக்கொண்டு இருப்பேன். அடுத்தவர் சாப்பாட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்வதில் இருக்கிற ருசி, சொந்தச் சாப்பாட்டில்கூட இருப்பதில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. அதற்கும் முன்னால் ஒரு வருஷம், எங்களில் ஒருத்தி முதல்நாள் குழம்பைக் கொண்டுவந்து, அது ஊசிப்போனது தெரியாமல் சாப்பிட்டுவிட்டாள். வாந்தியும் பேதியுமாகி, மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கு மதினி ஒரு கட்டளை போட்டார். யார் போணியைத் திறந்தாலும் முதல் கவளம் அவர் கைக்கு வர வேண்டும். அவர் வாயில் போட்டுப் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். "மலையில உங்களுக்கு ஒன்னுன்னா வீட்டுல வந்து நிக்கப்போறது நான்தானே, நானே பாத்துக்கிறேன்" என்பார். இதற்கு உப்புப் பார்ப்பது என்று பெயர் வைத்துக்கொண்டோம். தள்ளி உட்கார்ந்திருப்பவர்களிடம் கவளத்தை வாங்கி மதினியிடம் கொடுப்பது என் வேலை. நான் எப்போதும் அவர் பக்கத்தில்தான் உட்காருவேன்.

ரெண்டு மாசம் மதினி மூன்று இட்லிக்கு மேல் தொடவில்லை. ராத்திரி ரெண்டு சப்பாத்தி. டீயில் சீனி இல்லை. எங்களைவிட அவர்தான் அதிகம் நடந்தார். மறுபடி ரத்தம் கொடுக்கத் தேனிக்குப் போகும்போது துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். இறங்கியிருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. போகிற வழியிலேயே, ஆபரேஷன் முடிந்து வந்ததும் முதலில் யாருடைய கூடையைக் கிளறப் போகிறேன் என்றெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கொஞ்சமும் குறையலையேம்மா, வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள்.

"மூணு இட்லி டாக்டர். என் பிள்ளைக மேல சத்தியம்."

"நீங்க சொல்றதுக்கும் இதுக்கும் பொருந்தலையே."

மதினி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தவர் சின்னமனூர் வரை சேலை முந்தியை முறுக்கிக்கொண்டே வந்தார். பிறகு, "நான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டாக" என்றார். அப்படி அவர் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே பார்த்துக்கொண்டே, "பந்தல்ல காய் இருக்கா?" என்று கேட்டார். ரோட்டை ஒட்டிய திராட்சைப் பந்தலில் கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை போன வாரம்தான் சொல்லியிருந்தார், மூட்டையில் பச்சைக்காய் ஜாஸ்தியாக வருகிறது, கண்ணைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு கங்காணி பார்க்க வேண்டி வரும் என்று. புருஷன் இல்லாத மனுஷி. அந்த வேலைதான் அவருக்கு நிமிர்ந்த நடையைக் கொடுத்தது.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல ஆளாளுக்குக் கவளம் நீட்டினார்கள், நான் வாங்கி வாங்கிக் கொடுத்தேன். புளிச்சோறு போனது. தயிர்ச்சோறு போனது. பரோட்டாத் துண்டு, கப்பை, குழம்புச் சோறு எல்லாம் போனது. எல்லாவற்றையும் வாயில் போட்டு, தலையசைத்து, கூடவே ஒரு ஏச்சும் கொடுத்துவிட்டு, கடைசியில் தன் போணியைத் திறந்து, "நான் மூணோட நிறுத்திக்கிறேன்" என்றார். அந்த நொடியில் எனக்குச் சுரீரென்றது. கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை நாள் என் கையாலேயே கொடுத்தும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் சொல்ல வேண்டும் போல வாய் துடிக்கிறது, ஆனால் எப்படிச் சொல்வது? கங்காணி, வயதில் மூத்தவர், நேற்றுத்தான் டாக்டரிடம் அப்படிக் கேட்டு நொந்துபோனவர். ஜீப்பில் மலை இறங்கும்போது வாயைத் திறந்து திறந்து மூடினேன். தெற்குத்தெருக்காரி, "என்னடி, வாய்க்குள்ள ஈ போயிருச்சா?" என்றாள்.

அடுத்த நாள் நான் என் போணியைக் காலியாகக் கொண்டுபோனேன். ஒவ்வொருத்தி கவளம் நீட்டியபோதும் மதினியிடம் கொடுக்காமல் அதில் வைத்துக்கொண்டே வந்தேன். போணி நிறைந்து குவிந்துவிட்டது. "என்ன, இன்னைக்கு ஒருத்தியும் போணி திறக்கலையா?" என்று மதினி கேட்டார். நான் பேசாமல் அதை அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, நிறம் நிறமாக ஏதோ குவிந்து கிடக்கிறதென்று மட்டும் கண்டார்.

"யாரு போணிடி இது? ஒரு ஏர் ஓட்டுறவன் திங்கிற சோறுல்ல இருக்கு. சோறு, கிழங்கு, பரோட்டா, ஒன்னையும் விடல போல. எழுநூறு, எண்ணூறு வரும். இவளுக்கெல்லாம் சக்கரை வராம வேற யாருக்கு வரும்?"

எங்கிருந்துதான் எனக்குக் குரல் வந்ததோ தெரியவில்லை.

"அது உங்க சோறு மதினி. நீங்க தெனமும் உப்புப் பாக்குறது."

மதினி என்னைப் பார்த்தார், போணியைப் பார்த்தார். "அது வேலைடி. சாப்பாடா?" என்றார். சொல்லிவிட்டு, விரலை மடக்கி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். பாதியில் விரல் நின்றுவிட்டது. கோபப்படப் போகிறார் என்று நான் எழுந்து ஓடத் தயாராக இருந்தேன். அவரோ வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். டிரைவருக்குப் புரையேறி, பரோட்டா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்றாகிவிட்டது. "அந்த டாக்டரம்மாகிட்ட நாளைக்கே போயிச் சொல்லணும், நான் பொய் சொல்லலன்னு" என்று மதினி சிரிப்புக்கு நடுவே சொன்னபோதுதான், அவருக்கு எது அவ்வளவு வலித்திருந்தது என்று எனக்குப் புரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "அப்ப இனிமே யாரு உப்புப் பாக்குறது? ஊசிப்போனதைத் தின்னு எவளாவது விழுந்தா?" என்றார். நான் பார்க்கிறேன் என்று தெற்குத்தெருக்காரி முந்தினாள். "நீ பாத்தா போணியில மிச்சம் இருக்காதுத்தா. இவ பாக்கட்டும். இவளுக்குப் பேசத்தான் நாக்கு எந்திரிக்காது, ருசிக்கு எந்திரிக்கும்" என்று மதினி என் தோளைத் தட்டினார். என்னை நம்பி ஒரு பொறுப்பை ஒருவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. முதல் ரெண்டு நாள் தலையை மட்டும் ஆட்டினேன். மூன்றாம் நாள் ஒரு ரசச்சோற்றை வாயில் போட்டுவிட்டு, "இது வேணாம், புளிச்சுருச்சு" என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மலையே என் காலுக்குக் கீழே இருப்பது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு என் வாயை யார் மூட முடியும்? பத்து வீட்டுச் சமையல் என் நாக்கில். கப்பையும் மீன்குழம்பும் சேர்ந்தால் என்ன ருசி என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்து துவையலைத் தொட்டுக்கொண்டே, "எப்படி இருக்கு? எண்ணெய் கூடுதலா? சொல்லுடி" என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அந்தப் போணிக்காரிக்கு உரிய ஏச்சைக் கொடுப்பார்.

அடுத்த தடவை சர்க்கரை இறங்கிவிட்டது. உப்புப் பார்த்த கதையைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் அப்படிக் கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து, ஒரு மாசத்துக்கும் மேலாக மதினி வீட்டில் இருந்தார். கண்ணில் தூசி படக் கூடாது, ஆட்கள் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் மகள் யாரையும் உள்ளே விடவில்லை. அந்தக் காய் எடுப்புச் சுற்று முழுக்கத் தெற்குத்தெருக்காரிதான் கூடை கிளறினாள்.

மதினி திரும்பி வந்த காலையை மறக்க மாட்டேன். அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேற்கே மலையைப் பார்த்தார், ஜீப்பின் நம்பரை எழுத்துக் கூட்டிப் படித்தார், டிரைவரிடம், "மீசை பூரா நரைச்சுப்போச்சேப்பா, சொல்லவே இல்ல" என்றார். பிறகு எங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார்.

"இது யாருடி? இவளை எலும்பும் தோலுமால்ல நான் விட்டுட்டுப் போனேன்?"

ஜீப்பே ஆடுகிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். ஏசுகிறார் என்று தெரிந்தும் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. என் முகம் வட்டமாகிவிட்டதும், ரவிக்கை இறுக்கிப் பிடிப்பதும் அவருக்குத் தெரிகிறது. அத்தனை தூரம் அவருக்குக் கண் தெரிகிறது. "நாளையில இருந்து நீயும் மூணு இட்லி" என்று சொல்லி, கையைக் கொடுத்து என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

இப்போது நாங்கள் யாரும் மலை ஏறுவதில்லை. முழங்கால் விடுவதில்லை. மதினி கம்பத்தில் அதே தெருவில்தான் இருக்கிறார். நான் மகனோடு அல்லிநகரத்துக்கு வந்துவிட்டேன். இதில் ஜீப் கிளம்புகிற நேரம், டாக்டரம்மா சொன்ன வார்த்தை, எந்தச் சோற்றுக்கு எத்தனை கலோரி என்பதெல்லாம் எனக்குத் தப்பாக நினைவிருக்கலாம். கம்பம் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை மதினியிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்துச் சொன்னால் புண்ணியமாக இருக்கும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போய்விடாதீர்கள், உங்கள் வயிற்றைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவார்.