முதுகுப்பக்கத்து ஜரிகை

1962 செப்டம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பென்னாகரம் திசையில் மேகம் கட்டியிருந்தது. மழை இல்லை; காற்று மட்டும் விட்டு விட்டு அடித்தது. அந்தக் காற்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. எங்கள் பக்கம் அப்போது சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. எனக்கு வயது ஒன்பது, நான்கு மாதம்.

மறுநாள் எங்கள் ஊர் மாதா கோயில் தேர்த் திருவிழா. தேரில் வைக்கும் மாதா சொரூபத்துக்கு வருடந்தோறும் தருமபுரியிலிருந்த ஒரு தையல்காரர்தான் நீல மேலங்கி தைப்பார். அந்த வருடம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் வேலை அம்மாவிடம் வந்தது. அம்மா அதுவரை ரவிக்கையும் பாவாடையும் மட்டுமே தைத்தவர். அப்பாவுக்கோ வீட்டில் தையல் மெஷின் இருப்பதே பிடிக்கவில்லை. அரூரில் ஓர் ஆளிடம் அதற்கு விலை பேசி வைத்திருந்தார்.

"இந்த வேலைய ஒழுங்கா முடிச்சீன்னா மெஷினு வூட்ல இருக்கட்டும். கெடுத்துட்டீன்னா திங்கக்கெழம வண்டி ஏத்திடுவன், ஆமா" என்று காலையில் சொல்லிவிட்டுக் கடலைக்காட்டுக்குப் போனார்.

கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் உபதேசியார் மதியம் துணியைக் கொண்டுவந்தார். நீலச் சாட்டின், இரண்டரை கஜம். கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"ஊரு காசும்மா. ஒரு அங்குலம் வீணானாலும் என்னயத்தான் கேப்பாங்க."

"நீங்க நின்னா வேல ஓடாதுங்க ஐயா. காலைல வாங்க" என்றார் அம்மா.

துணியை இரண்டாக மடித்து, பாதி அங்கியின் அளவுக்கு வெட்டிய காகிதத்தை அதன்மேல் வைத்து வெட்டுவார்கள். காகிதத்தின் நேர்விளிம்பு துணியின் மடிப்போடு ஒட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் விரித்தால் ஒரே அங்கியாக வரும். தையல் பழகுகிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. எனக்கு அன்று தெரியாது. அம்மா காகிதத்தை வைத்தார், கத்தரியை எடுத்தார், கீழே வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். நான்கு முறை, எண்ணினேன். பிறகு எழுந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறன். தொடாத" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

காற்று ஒரு முறை வீசியது. காகிதம் பறந்து மெஷினுக்கு அடியில் விழுந்தது. எடுத்து ஒழுங்காகத்தான் வைத்தேன், ஆனால் மடிப்புக்கு எதிர்ப்பக்கம். அதோடு விட்டிருக்கலாம். அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, எனக்குப் பயமில்லை, ஆகவே வெட்ட வேண்டியவன் நான் என்று எனக்குத் தோன்றியது. முப்பத்தொரு வெட்டில் வேலை முடிந்தது. எடுத்து விரித்தேன். இடது கையில் பாதி அங்கி, வலது கையில் பாதி அங்கி.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"காயிதத்த எந்தப் பக்கம்டா வெச்ச?"

"பறந்துடுச்சிம்மா. எடுத்து வெச்சன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து கத்தரியின் சத்தம். இந்த முறை எடுத்து வைத்தல் எதுவும் இல்லை. ஒரே ஓட்டமாக, நீளமாக, நிற்காமல் போனது. வெளியே வந்தபோது கையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு ஜரிகைப் பட்டை இருந்தது.

"ஏதும்மா இது?"

"பொட்டில கெடந்துச்சி. நூலக் கோரு."

துண்டுகளை நடு முதுகில் இணைத்து, அந்தத் தையல் தெரியாதபடி கழுத்திலிருந்து பாதம்வரை ஜரிகையை வைத்துத் தைத்தார். விளக்கு வைப்பதற்குள் அங்கி தயாராகிவிட்டது.

காலையில் உபதேசியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடி ஒண்ணுத்தயும் காணம், நடு முதுவுல ஜரிகையா? டவுன் டெய்லரு இப்பிடித் தெச்சதே இல்லியே!"

"எனுக்கு அப்பிடி வெக்கணும்னு தோணுச்சிங்க" என்றார் அம்மா. அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி தைக்க நேரமில்லை. உபதேசியார் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனார்.

எங்கள் ஊரில் தேருக்கு முன்னால் பங்குச் சாமியாரும், பாட்டுக்காரர்களும், ஊர்ப் பெரியவர்களும் நடப்பார்கள். பெண்களும் கூலிக்காரர்களும் தேருக்குப் பின்னால். அன்று சாயங்காலம் பின்னால் வந்தவர்களில் நானும் அம்மாவும் இருந்தோம். சாய்ந்த வெயில் பட்டு ஜரிகை மின்னியது. எங்கள் காட்டில் கடலை பறிக்க வரும் ஒரு பெண் பக்கத்தில் நடந்தவளை இடித்தாள்.

"பாத்தியாடி? இத்தினி வருசமா மாதா நமக்கு வெறும் முதுவக் காட்டிக்கினே போனா. இந்த வருசந்தான் நமக்கும் சேத்து சிங்காரிச்சிக்கினு வந்துருக்கா."

சிரிப்பு வரிசையோடு பரவியது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. மெஷின் வீட்டிலேயே இருந்தது. அந்த ஒரு மெஷினில் தொடங்கி நானும் தையல்காரனானேன். ஐம்பத்து நான்கு வருடத் தொழில். வேலை பழக வந்த பதினேழு பேரிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். துணிச்சல் வேண்டும், ஒன்பது வயதில் நான் வெட்டினேன், அதனால்தான் மாதாவின் முதுகுக்கு ஜரிகை வந்தது என்பேன். அம்மா அருகில் இருந்தால், கேட்டபடியே பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார்.

எட்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தார். கல்யாணப் புடவையிலேயே அடக்கம் செய்யும்படி முன்பே சொல்லியிருந்தார். அம்மாவின் துணிப்பெட்டியைத் திறந்து புடவையை விரித்த தங்கை என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க பாரு. உள் நுனில கரைய வெட்டி எடுத்துருக்குது."

இடுப்பில் முதலில் செருகும் பகுதி அது. உடுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. வெட்டிய ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். நாற்பது அங்குலம். மாதாவின் அங்கி முப்பத்தெட்டு, மேலும் கீழும் மடிக்க ஓர் அங்குலம் வீதம். வெட்டு எங்கும் பிசிறவில்லை, கோணவில்லை.

அதே அகலத்தில் ஜரிகைக் கரை வாங்கி வந்தேன். வாசலில் அடக்கத்துக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். கத்தரியை எடுத்துக் கீழே வைத்தேன். எத்தனை முறை என்று அன்று எண்ணவில்லை. பிறகு வெட்டி, புடவையில் கரை போன இடத்தில் வைத்து, அம்மாவின் மெஷினிலேயே தைத்துக் கொடுத்தேன்.

ஆன செலவு: ஜரிகை முந்நூற்று அறுபது ரூபாய், நூல் பன்னிரண்டு. ஆக, முந்நூற்று எழுபத்திரண்டு.