தொடை வரைக்கும்தான் அனுமதி

எனக்கு நீச்சல் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது என்பது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு நீச்சல் வராது என்றால் யாராவது நம்புவார்களா? கேட்டால், "ஏரில இன்னாத்துக்கும்மா நீச்சலு? நடந்தா போதாது?" என்பார்.

நடக்கத்தான் செய்வார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஹார்டுவேர் கடைக்கு லீவு. விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டி, கழுத்தில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு, மூங்கில் தூண்டிலோடு வெறுங்காலில் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். கரையோரம் பொடிமீன்தான் நிற்குமாம். கையகல ஜிலேபி மீன் வேண்டுமென்றால் உள்ளே கோரைப்புல் ஓரம் வரை நடந்து போய், நின்று, தூண்டில் போட வேண்டுமாம். மார்க்கெட்டில் கிடைக்காத மீனா அது? அதை மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது.

நான் குரோம்பேட்டையில் ஒரு காலனியில் வளர்ந்தவள். எனக்குத் தண்ணீர் என்றால் லாரியில் வருவது. ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது குட்டையில் குளிக்கப் போய் மூழ்கியவர்களைப் பற்றிப் பேப்பரில் வந்தால் இரண்டு நாளைக்கு அதே பயம். தூர் வாருகிறேன் என்று பொக்லைன் வந்து ஏரியை அங்கங்கே தோண்டிப் போட்டதிலிருந்து அந்தப் பயம் ஞாயிறுதோறும் என்றாகிவிட்டது. அதனால் நானும் கூடவே போய்க் கரையில் நிற்க ஆரம்பித்தேன். பையில் துணி காயப்போடும் நைலான் கயிறு ஒரு கட்டு வைத்திருப்பேன். அதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டுமே, எனக்கென்ன.

ஒரு விதியும் போட்டிருந்தேன். உள்ளே போகப் போக, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று அவர் கத்திச் சொல்ல வேண்டும். கணுக்கால். முட்டி. தொடை. தொடை என்று கேட்டதும் நான், "போதும், வந்துடுங்க!" என்று கத்துவேன். அவர் ஆறடி, நான் அவர் தோளுக்குக் கூட வரமாட்டேன். அவருக்குத் தொடை என்றால் எனக்கு இடுப்பு. அதற்கு மேல் போனால் நான் எப்படிப் போய் இழுப்பது? ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள் என்று வாரம் தவறாமல் சொல்வேன். "எங்க ஏரி ஆழம் எனக்குத் தெரியாதா?" என்பார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. அதற்கு மாத்திரை உண்டு, டீயில் சர்க்கரை கிடையாது, அவ்வளவுதான் என்றிருந்தோம். ஒருநாள் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. "பொண்ணு பார்க்கப் போற அவசரமா?" என்று கேலி செய்தேன். அக்காவுக்குப் போன் போட்டு வேறு சொல்லிச் சிரித்தேன். என் வாயில் மண்ணைப் போட.

போன வருஷம் மாசி மாதம் அது. தண்ணீர் வடிந்திருந்தது. பயமே வேண்டாம் என்று சொல்லித்தான் இறங்கினார். "கணுக்கால்!" என்றார். கொஞ்ச நேரத்தில் "முட்டி!" அங்கேயே நின்று நாலு மீன் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் உள்ளே நகர்ந்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் அடுத்து என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சத்தம் ஓய்ந்து நான் பார்த்தபோது நெஞ்சு வரைக்கும் தண்ணீரில் இருந்தார். கண்ணெதிரே அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தூண்டில் தனியாக மிதந்தது.

எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. புடவை காலைச் சுற்றியது, ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஐயோ, ஐயோ என்று கத்தியது நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. கயிற்றை வீசினேன். அது என் முகத்துக்கு முன்னாலேயே விழுந்தது. தண்ணீர் என் இடுப்புக்கு வந்தபோது அங்கேயே நின்றுவிட்டேன். இன்னும் ஒரு அடி வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

அவராகவே தட்டுத் தடுமாறி மேடேறி வந்தார். பையில் நாலு ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தது. "பயந்துட்டியா? பொக்லைன் பள்ளம்மா. கால்ல தரையே தெர்ல, அதான் சறுக்கிட்டேன்" என்றார். கரையேறும்வரை திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். உயிரோடு வந்துவிட்டார், இனி என்ன பயம்?

கரை மேட்டில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். காய்ந்த மண்ணில் ஈரக் காலடி விழுந்துகொண்டே போனது. வலது காலடி மட்டும் சிவப்பாக இருந்தது.

உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு பாட்டில் சில்லு, என் கட்டைவிரல் அகலம், பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றேன்.

அவர் பையிலிருந்த மீனை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "எங்க?" என்றார்.

ஆழம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கால்தான் தெரியவில்லை. இத்தனை ஞாயிறு நான் முட்டியையும் தொடையையுமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புண் ஆற நாலு மாதம் பிடித்தது. டாக்டர், "நரம்பு போயிடுச்சு" என்றார். "எந்த நரம்பு சார், தூண்டில் நரம்பா?" என்று இவர் ஜோக்கடித்தார். டாக்டர் சிரிக்காமல், நிஜமாகவே தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். இவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அதை வைத்து அழுத்தினார். தெரிகிற இடத்தில் சொல்ல வேண்டும். பாதம் முழுக்க இவர் ஒன்றுமே சொல்லவில்லை. கணுக்காலுக்கு வந்ததும்தான் "ம்" என்றார்.

இப்போது ஏரிக்குப் போவதில்லை. ஞாயிறு காலையில் அவர் சோபாவில் காலை நீட்டுவார். அவருடைய தூண்டில் நரம்பிலேயே ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். முதலில் விரலிடுக்கு, குதிகால் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிறகு பாதத்திலிருந்து மேலே மேலே அழுத்திக்கொண்டு வருவேன்.

போன ஞாயிறும் பார்த்தேன். கணுக்காலில் அழுத்தினேன். டாக்டரிடம் "ம்" சொன்ன அதே இடம்; இப்போது சொல்லவில்லை. இன்னும் நாலு விரற்கடை மேலே போனேன். கண்ணைத் திறக்காமலே, ஏரியில் கத்துகிற அதே குரலில், "கணுக்கால் தாண்டிட்டேம்மா!" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

"போதும், வந்துடுங்க" என்றேன்.