பதினோரு வீடு பாக்கி

தலைமை எழுத்தர் விதிப் புத்தகத்தைத் திருப்பி குழாய்க்காரர் பக்கமாக நகர்த்தி வைத்தார். யாரும் இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் கவுன்சிலராக இருக்கக் கூடாது. ஒரே ஒரு நாள் பதவியில் இருந்தாலும் அது ஒரு பதவிக்காலம்தான் என்று அதில் இருந்தது. வேட்புமனு வாங்க வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கடைசி வரியைச் சொன்னவரே அவர்தான்.

குழாய்க்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். முப்பது வருஷமாகக் குழாய் மாட்டும் வேலை. எந்தத் தெருவில் எந்த வால்வு ஒழுகுகிறது என்பது நகராட்சி வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய கவுன்சிலர் செத்துப்போய் இடைத்தேர்தல் வந்தபோது, தெருக்காரர்கள் இவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மீதியிருந்தது பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதத்துக்குள்தான் இந்த விதியும் வந்தது.

அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவரும் முதலில் இடைத்தேர்தலில்தான், எட்டு மாதத்துக்கு, வந்தவர். அந்த எட்டு மாதத்தை மட்டும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவர்மேல் யாருக்கும் நல்ல எண்ணம் கிடையாது. குழாய்க்காரர் எழுந்து, ஒரு நாள் உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததுதான் என்று ஒரு போடு போட்டார். மேசையைத் தட்டாதவர் இல்லை. அந்த வரி விதியில் ஏறியது, தலைவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போயிற்று. தானும் அதே மாதிரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அந்த ஆரவாரத்தில் மனிதருக்கு உறைக்கவில்லை. அதன்பின் முழுசாக அஞ்சு வருஷம் ஜெயித்து இருந்தார். அப்போதும் உறைக்கவில்லை. இப்படியும் ஒருவர்! முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று எழுத்தரிடம் கேட்டதற்கு, சொன்னதே நீங்கள்தானே, தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன் என்றார்.

பதவி போனால் போகட்டும். விடிந்தும் விடியாமலும் கதவு தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. முழங்காலும் வீங்கிக் கிடக்கிறது. ஆனால் அக்கா வீட்டுச் சாக்கடையை என்ன செய்வது?

அக்காவின் வீடு பின்தெருவின் பள்ளத்தில், கடைசி வீடு. மழை வந்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் அவள் கூடத்துக்குள்தான் வரும். மூடுசாக்கடை கட்டித் தருகிறேன் என்று தேர்தலுக்கு முன்பே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர் வேலை தெரிந்த எவனும் பள்ளத்திலிருந்துதான் தொடங்குவான். இவருக்கா தெரியாது? ஆனால் பதவிக்கு வந்ததும் அக்கா வாசலில் மண்வெட்டியை வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று, மேட்டிலிருந்து தொடங்கச் சொன்னார். வழக்கு, ஒப்பந்தக்காரர் ஓட்டம் என்று இழுத்து இழுத்து, ஐம்பத்திரண்டு வீடு தாண்டி வேலை நின்றது. பாக்கி பதினோரு வீடு. இப்போது அந்த ஐம்பத்திரண்டு வீட்டுத் தண்ணீரும் ஒரே வாயால் வெளியே வந்து நேராக அக்காவிடம் போகிறது. நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு, முன்பு கணுக்கால் வரை நின்ற தண்ணீரை முழங்கால் வரை ஏற்றிவிட்டிருந்தார்.

எழுத்தர் ஒரு வழி சொன்னார். பாதிக் காலத்துக்குக் குறைவாக இருந்தால் சேராது என்று ஒரு திருத்தம் கொண்டு வரலாம். அதை அவரே எழுந்து கேட்க வேண்டும். எந்த வாயால் கேட்பது? அக்காவிடம் போய்ப் புலம்பினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, நிமிராமல் சொன்னாள்.

"கேளுடா. வெக்கமா இருந்தா ஒரு மழைக்கு இங்க வந்து நின்னு பாரு. அப்புறம் வெக்கம் எது, ஈரம் எதுன்னு தெரியும்."

கேட்டார். மன்றக் கூட்டத்தில் எழுந்து, அன்று நான் சொன்னது தப்பு, அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முந்தின நாள் தோளில் கைபோட்டு நாங்கள் இருக்கிறோம் என்றவர்கள் எல்லோரும் அவரவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய நாற்காலிக்கு வேறொருவரை அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். ஒரு கை எழவில்லை. பார்வையாளர் பெஞ்சில் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பழைய தலைவர்தான் மெல்ல எழுந்தார்.

"அவருக்கு வேலை பாக்கி கிடக்குதுய்யா. குடுங்க."

பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று இப்போதைய தலைவர் மணியை அடித்தார். கிழவரும் உட்கார்ந்தார், இவரும் உட்கார்ந்தார். யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த மனிதர் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து நேராக மருந்துக்கடைக்குப் போனார். அடுத்து நிற்கப்போகிறவர் அந்தக் கடைக்காரர்தான். எதிர்த்து நிற்க ஆளில்லை. அவரைப் பின்தெருவுக்கு அழைத்துப்போய், எங்கே ஆழம் கூட்ட வேண்டும், எங்கே பாறை இருக்கிறது, குடிநீர்க் குழாய் எந்த இடத்தில் குறுக்கே போகிறது என்று குனிந்து குனிந்து காட்டினார். திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், முடித்தால் போதும் என்றார். மருந்துக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தார்.

"பார்க்கலாம்ணே."

ஆறு வருஷமாகக் கதவு தட்டியவர்களுக்கெல்லாம் குழாய்க்காரர் சொல்லி அனுப்பிய சொல் அது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா வீட்டுக்குள் போனபோது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை இருட்டு. என்ன ஆச்சு என்று அவள் கேட்டாள். கூட்டத்தில் நடந்ததையும் சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னதையும் சொன்னார். அவள் திட்டவில்லை. கொல்லைப்பக்கம் போய் நாலு செங்கல் எடுத்து வந்தாள். கட்டில் கால்களுக்கு அடியில் ஏற்கெனவே இரண்டிரண்டு கல் இருந்தன.

"தலைமாட்டுப் பக்கம் தூக்கிப் பிடிடா," என்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீங்கிய முழங்காலைத் தரையில் ஊன்றி முதலில் தலைமாட்டையும் பிறகு கால்மாட்டையும் தூக்கினார். அவள் ஒவ்வொரு காலுக்கும் இன்னொரு கல்லைத் தள்ளி வைத்தாள்.